தொங்கும் வயர்

முற்றத்து மின்சாரம் அன்று காலையும் போய்விட்டது. வெளி விளக்குகளோடு கிணற்று மோட்டாரும் அதே லைனில் இருந்ததால் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஹில்க்கா காலிக் காபிப் பாத்திரத்தோடு நின்று கணவனைக் கரித்துக்கொட்டினாள். ரைமோ டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவன். ஆனால் உலகத்தில் அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டா என்ன?

ஞாயிற்றுக்கிழமை தம்பி செப்போவையும் கூட்டிவந்து முற்றத்து விளக்கு ஒவ்வொன்றையும் கழற்றிப் பிரித்துப் போட்டான். ஒன்றில் எறும்பு இருந்தது. இரண்டு மேதைகளும் எறும்பின்மேல் பழியைப் போட்டு, எல்லாவற்றுக்கும் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குப் போனார்கள். திங்கள் காலை பிரேக்கர் மறுபடி விழுந்து மின்சாரம் நின்றது.

"பிரேக்கர்தான் கோளாறு. சும்மா சும்மா விழுது," என்றான் ரைமோ. "நாளைக்குச் சாயங்காலம் அதை விட்டுட்டு நேரா வயரைக் கொடுத்துடறேன்."

"கரண்ட் கசிஞ்சா உசுரைக் காப்பாத்தத்தான் அது விழுது, மடையா! நுப்பு முற்றம் பூரா மூக்கை நுழைக்கிற நாய்."

"நாய்க்கு ஒண்ணும் ஆகாது, போ."

இவனோடு பேசுவதைவிடச் சுவரோடு பேசலாம். பிள்ளையில்லாத வீட்டில் அந்த நாய்தான் ஹில்க்காவுக்கு எல்லாம். அவன் கைவைப்பதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

மறுநாள் விடியுமுன்னே எழுந்து வெளி விளக்குகளையும் மோட்டாரையும் பிளக்கிலிருந்து பிடுங்கினாள். பிரேக்கரை ஏற்றினாள், விழாமல் நின்றது. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினாள், அப்போதும் நின்றது. குளிரில் காரின் எஞ்சினைச் சூடாக்கும் வயர் மட்டும் பிளக் வைத்த வாசல் கம்பத்திலிருந்து காருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் ஒழுங்காகத்தான் இருந்தது. ரைமோ வந்தான், காரிலிருந்து வயரைக் கழற்றினான், வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சற்று நேரத்தில் பிரேக்கர் டப்பென்று விழுந்தது.

ஹில்க்கா வெளியே ஓடிப் பார்த்தாள். கம்பத்தில் ஒரு முனை செருகியபடியே இருக்க, கார்ப்பக்கத்து முனை உருகிய பனிச் சேற்றில் கிடந்தது. கம்பத்தின் டைமர் இன்னும் அணைக்கும் நேரத்துக்கு வரவில்லை, அதனால் சேற்றில் கிடந்த முனைவரை கரண்ட் போயிருந்தது. அட பாவி! பிரேக்கரும் இல்லை, எறும்பும் இல்லை, கோளாறு டிராக்டர் சாமான் விற்கப் போயிருக்கிறது!

சாயங்காலம் சொன்னபோது ரைமோ சிரித்தான். "எங்கப்பா காலத்திலேருந்து அப்படித்தான் தொங்கவிடறோம். யார் செத்தா? தினம் சுருட்டி எடுத்து வைக்க நான் என்ன வேலைக்காரனா?" சொன்னவன் அவள் கத்தக் கத்த பிரேக்கரை ஒதுக்கி வயரை நேராக இணைத்தும்விட்டான். பரம்பரையே முட்டாள்தனத்தைச் சொத்தாகச் சேர்த்து வைத்திருக்கிறது என்று அவள் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

மறுநாள் காலை ரைமோ வழக்கம்போல வயரைக் கழற்றிக் கீழே விட்டான். முனை சேற்றில் விழுந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்த இடைவெளியில் நுப்பு பாய்ந்து வந்தது, மோப்பம் பிடித்தபடி நேராகக் கம்பத்தை நோக்கி. ஹில்க்கா செருப்பில்லாத காலோடு ஓடி அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். பனியில் இருவருமாக விழுந்தார்கள். ரைமோ காருக்குள் ஏறப் போனான்.

"நில்லு ரைமோ. அந்த முனையைக் கையால எடு."

"நேரமாச்சு."

"ஒண்ணும் ஆகாதுன்னியே. உங்கப்பா காலத்து வயர்தானே? கையுறையைக் கழட்டிட்டு எடு."

ரைமோ குனிந்தான். கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அவளைப் பார்த்தான், வயரைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய் மெயினையே அணைத்துவிட்டு வந்தான். வந்தவன் அப்போதும் தொடவில்லை. பனி தள்ளும் மண்வாரியின் மரப்பிடியால் முனையை மெல்லத் தள்ளிப் பார்த்தான்.

"நாய்க்கு ஒண்ணும் ஆகாதாம்," என்றாள் ஹில்க்கா. "தூ!"