திரும்பிப் பார்த்த ஆந்தை

முழங்காலில் தொடங்கிய வலி இடுப்புக்கு ஏறி உட்கார்ந்துவிட்டது. பகலெல்லாம் குனிந்து கம்பி கட்டியவனுக்கு மாலையிலும் குந்தியிருக்கிற பாடு. காலை நீட்டினால் சாக்கு அசையும். சாக்கு அசைந்தால் ஆந்தை பார்க்கும். ஆகவே அவன் நீட்டவில்லை.

அது கைவிட்ட கல்குவாரி. எதிர்ப்பாறையின் இடுக்கில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. போன வருஷமும் அதே இடுக்குதான். குஞ்சுகள் முதன்முதலாக வெளியே வருகிற சமயத்தில் கான்கிரீட் வேலை என்று மேஸ்திரி அவனை விடவில்லை. வேலை முடிந்து ஓடி வந்தபோது இடுக்கு காலி. ஒரு வருஷம் பொறுத்திருந்தான். கல்யாண வீடுகளில் தேய்ந்த பழைய கேமராவைத் துடைத்துத் துடைத்து வைத்தான். சிமெண்டுச் சாக்குகளைத் தைத்து, கம்பியை வளைத்து, ஆள் குந்துமளவுக்கு ஒரு மறைவு கட்டினான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைக்குப் பக்கத்தில் நகர்த்தி, ஆந்தையின் கண்ணுக்குப் பழக்கினான்.

மச்சான் அதற்குக் கூண்டு என்று பேர் வைத்தான்.

“ஊர்ல பறவையப் புடிச்சிக் கூண்டுல போடுவாங்க. எங்க வீட்டு மாப்பிள்ளை தானே போய் உள்ள உக்காந்துக்குறாரு.”

மச்சான் என்பது அவன் மனைவிக்கு அண்ணன். சரக்குக் கிட்டங்கியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். மச்சான் இல்லாமல் கூண்டு பிரயோஜனம் இல்லை. ஓர் ஆள் மட்டும் போய் உள்ளே உட்கார்ந்தால், ஆந்தை அந்தச் சாக்கையே முறைத்துக்கொண்டிருக்கும், வெளியே வராது. இரண்டு பேராகப் போய் ஒருவன் சத்தமாகத் திரும்பி நடந்தால், வந்த ஆள் போய்விட்டான் என்று நம்பிவிடும். இரண்டு வரை எண்ண அதற்குத் தெரியாது. அதனால் தினமும் மச்சான் சட்டையில் வியர்வை காயாமல் வருவான். கூண்டுவரை கூட வந்து அவனை உள்ளே தள்ளிவிட்டு, குவாரி விளிம்போடு கையை வீசிக்கொண்டு, சுருதி சேராத பாட்டோடு போவான். பொழுது சாய்ந்ததும் அதே மாதிரி வந்து கூட்டிப்போவான். சும்மா வந்து சும்மா போகிற வேலைக்குத் தன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று பெருமை வேறு பேசுவான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளையாவது வைத்திருக்கலாம் என்பாள் அவன் மனைவி.

அன்றைக்கு மச்சான் தயங்கினான். காலையில் மழை பெய்திருந்தது.

“விளிம்பு வழுக்குது மாப்ள. இன்னைக்கு விட்ருவோமா?”

“குஞ்சு இன்னைக்கு வெளிய வந்துரும் மச்சான். பாத்துப் போ.”

மச்சான் போனான். பாட்டு தூரமாகிக்கொண்டே போனது. திடீரென்று நின்றது. கல் சரிகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

இடுக்கிலிருந்து தாய் ஆந்தை வெளியே வந்து நின்றது. அதன் இறக்கைக்குக் கீழே, அழுக்குப் பஞ்சு மாதிரி ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது. அவன் விரல் பொத்தானுக்குப் போனது.

“மாப்ள.”

பெரிய குரல் இல்லை. எட்டியவரைக்கும் கூப்பிட்ட குரல். அவன் அசையவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டான். மச்சான் எதிலும் விளையாடுவான், கூண்டு விஷயத்தில் மட்டும் விளையாடியதில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தான்.

“மாப்ள.”

இப்போது எழுந்தால் தாய் பறந்துவிடும், மிரண்டு குஞ்சு கீழே விழும் என்று தனக்குத்தானே நியாயம் சொன்னான். குஞ்சு இன்னொரு அடி வைத்தது. மூன்றாவது முறை குரல் வந்தபோது ஆந்தை முகத்தைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தது. சாய்ந்த வெயில் ஒரு கண்ணில் மட்டும் விழுந்து எரிந்தது. அவன் அழுத்தினான். வெளிச்சம் தீரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தான். நாலாவது முறை யாரும் கூப்பிடவில்லை.

விளிம்புக்குக் கீழே, சரிந்த கல்லுக்கு அடியில் ஒரு கால் மாட்டிக்கொண்டு மச்சான் கிடந்தான். கை ஒரு செடியைப் பிடித்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

“படம் கெடச்சிதா?”

அவன் தலையாட்டினான்.

“கூப்புட்டேன்.”

“கேக்கல மச்சான்.”

“காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்” என்றான் மச்சான். அன்றைக்கு இலை கூட ஆடவில்லை.

எலும்பு ஒட்டிக்கொள்ளும், ஆனால் நசுங்கிய கால் அவ்வளவு நேரம் கல்லுக்கு அடியில் கிடந்ததுதான் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். சதை செத்துவிட்டதாம். மச்சானால் இனி மூட்டை தூக்க முடியாது. அதே கிட்டங்கியின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற லாரிகளுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறான்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்தவர்கள் மேடையில் அவனுடைய பொறுமையைப் பற்றித்தான் பேசினார்கள். ஆந்தை கேமராவைப் பார்க்காமல் எதையோ உற்றுக் கேட்கிற அந்தத் திரும்பல்தான் படத்துக்கு உயிர் என்றார்கள். அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

பெரிதாக்கிய படத்தை மனைவி கூடத்துச் சுவரில் மாட்டினாள். ஒரு விடுமுறை நாளில் மச்சான் வந்தான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கேமராவப் பாக்கலையே. எங்க பாக்குது?”

“அதாண்ணே அழகுன்னு சொன்னாங்களாம்” என்றாள் தங்கை, டீயை நீட்டி.

மச்சான் வலது கையைத் தூக்கிக் காற்றிலேயே குவாரியை வரைந்தான். இங்கே இடுக்கு, இங்கே கூண்டு. விரல் விளிம்போடு மெல்ல நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. ஆந்தையின் முகம் திரும்பியிருந்த பக்கம் அது.

“அதுக்குக் கேட்டிருக்கு” என்றான்.

குரலில் கோபம் இல்லை. கேலியும் இல்லை, அதுதான் இவனுக்குத் தாங்கவில்லை. எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற மனுஷன். தங்கை ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிட இவன் வாயெடுத்தான்.

“டீ ஆறுது மச்சான்” என்றான்.

மச்சான் குடித்தான். தம்ளரைக் கீழே வைத்தான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷமும் அதே இடுக்குக்கு ஆந்தை வருமா என்று கேட்டான். வரும் என்றான் இவன். கூட வருவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மச்சான் படியிறங்கினான்.

மறு வருஷம் ஆந்தை வந்தது. இவன் போகவில்லை. வாரம் தவறாமல் கிட்டங்கி வாசலுக்குப் போய் மச்சானோடு உட்கார்ந்து டீ குடிக்கிறான், லாரிகளைப் பற்றிப் பேசுகிறான். “எனக்குக் கேட்டுச்சு மச்சான், மூணு தடவையும் கேட்டுச்சு” என்ற அந்த ஒரு பதிலை மட்டும் அவன் இன்னும் கொடுக்கவில்லை. அது பாக்கி.