அருகிலுள்ள நிலையம்

1
ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, என் மேசைக்கே வந்தது. டோக்கியோவின் ஓட்சுகா பகுதியில் ஒரு பொதுக் குளியலகத்தின் வாசலில் உட்கார்ந்து துண்டும் சோப்பும் கொடுப்பது என் வேலை. எழுதுவது என் வியாதி. பத்தொன்பது வயது மிசுஹோ குளித்துவிட்டு வந்து, ரொட்டிக் கடை வேலைக்கான விண்ணப்பத்தை அந்த மேசையில்தான் நிரப்பினாள்.

2
முதல் தொடக்கம்: “வீடற்ற அந்தப் பெண்ணின் சிவந்த கண்களில் டோக்கியோவின் சோகம் முழுவதும்…”

நான் எழுதியதை மிசுஹோ எட்டிப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, எது சோகம்? கண்ணுல ஷாம்பூ பட்டிருச்சு. அத மொதல்ல அடிச்சிருங்க.”

அடித்துவிட்டேன்.

3
ஏன் வீட்டை விட்டு வந்தாள்? கேட்டேன். “கதவு இருந்துச்சு, வந்துட்டேன்” என்றாள். ஒன்றரை வருடமாக, இரவெல்லாம் திறந்திருக்கும் இன்டர்நெட் கடை நாற்காலிகளில் உறங்குகிறாள். உடைமைகள் ரயில் நிலையப் பூட்டுப்பெட்டியில்.* [இங்கே ஒரு பத்தி அழுகை இருந்தது. நீக்கிவிட்டேன்.]

* மூன்று நாளுக்கு மேல் வைத்தால் நிலையத்தார் எடுத்துப் போய்விடுவார்கள். அதனால் பெட்டி மாற்றிக்கொண்டே இருக்கிறாள். இதுவரை ஒரு சாக்ஸைக்கூடத் தொலைத்ததில்லை. நானோ ஒரே வீட்டில் இருந்துகொண்டு தினமும் கண்ணாடியைத் தேடுகிறவள்.

4
விண்ணப்பத்தில் முகவரிக் கட்டம்.

“என் வீட்டு முகவரியப் போட்டுக்கோடி.”

“அங்க நான் இல்லயேக்கா.” காலியாக விட்டாள்.

அடுத்த கட்டம்: தங்குமிடத்துக்கு அருகிலுள்ள நிலையம், அங்கிருந்து கடைக்கு வந்துசேரும் நேரம். அதிகாலை ஐந்து மணி வேலை என்பதால் தூரத்து ஆட்களை எடுக்கமாட்டார்கள். பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினாள்: ஓட்சுகா. நடந்து நான்கு நிமிடம்.

“இது மட்டும் நெசமா?”

“என் சாமான் இந்த ஸ்டேஷன்லதான இருக்கு? கடைக்கு நடந்தே பாத்துட்டேன். நாலு நிமிஷம்.”

“மூணு நாள் கழிச்சு?”

“வேல கெடைச்சா பக்கத்துப் பெட்டிக்கு மாத்திக்குவேன். ஊர் மாற மாட்டேன்.”

எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. இதை அவள் அடிக்கச் சொன்னாலும் அடிக்கமாட்டேன்.

5
முடிவு ஒன்று: கடைக்காரர் கண்கலங்கி வேலை கொடுக்கிறார்.

“அவரு அழுதா மாவுல உப்பு கூடிரும்க்கா.”

முடிவு இரண்டு: மறுக்கிறார். மழையில் அவள்…

“இல்லன்னா அடுத்த கடை. அதுக்கு எதுக்கு மழை?”

6
ஆகவே, வாசகரே, கடைக்காரர் நீங்கள்தான். முகவரி ஏன் காலி என்று கேட்டுவிட்டீர்கள். அவள் தலை குனியவில்லை.

“வீடு இல்லீங்க. நாலு நிமிஷத்துல வந்துருவேன்.”

உங்கள் கண்ணைப் பார்த்தபடி நிற்கிறாள். பரிதாபப்பட வேண்டாம். பதில் சொல்லுங்கள்.