லேசான விசை

தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் அந்த நோயின் பெயரை மே மாதம் டாக்டர் சொன்னபோது வெண்டல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நவம்பர் வரைக்கும் தாங்குமா?" உயிரைத்தான் கேட்கிறான் என்று எண்ணிய டாக்டர், இரண்டு மூன்று வருஷம் இருக்கலாம் என்றார். அவன் கேட்டது வலது கையை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி லோர்னாவுக்கு மட்டும் அது புரிந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடகோடியில் நவம்பர் பதினைந்து என்றால் மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடம்கூடப் பூட்டிக் கிடக்கும். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த நாளன்று அவன் வீட்டில் இருந்து அவள் பார்த்ததில்லை.

கை தாங்கியது, ஆனால் அரைகுறையாக. அக்டோபரில் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். அவனிடம் இருந்த துப்பாக்கியோ ஜெர்மன் ராணுவத்தினுடையது; அவன் அப்பா போர் முடிந்து வரும்போது கொண்டுவந்தது. பதற்றத்தில் சிப்பாய் கைதவறிச் சுட்டுவிடாமல் இருக்க விரலால் இழுக்கும் அதன் விசையை இறுக்கமாகச் செய்திருந்தார்கள். இழுத்தால் முதலில் கொஞ்சம் சும்மா வரும். பிறகு ஓரிடத்தில் முட்டி நிற்கும். அதற்குமேல் பலமாக இழுத்தால்தான் வெடிக்கும். வெண்டலின் விரல் அந்த முட்டுகிற இடத்தோடு நின்றுவிட்டது. தோட்டா போடாத துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு முக்கி முக்கி இழுத்துப் பார்த்தான். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"வேற விசை விக்கிறாங்க. லேசா இருக்குமாம். மாத்திடலாம்," என்றான்.

"யாரு மாத்துறது?"

"நீதான்."

"நான் பள்ளிக்கூடத்துல சூப் கிண்டுறவ, வெண்டல்."

"தையல் மெஷினப் பிரிச்சு மாட்டுனவதானே? இதுல அதவிட உறுப்பு கம்மி. சத்தமும் போடாது."

"மெஷின் எங்க சத்தம் போட்டுச்சு? பக்கத்துல நின்னு நீதான் போட்ட."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து வேலையைத் தொடங்கினார்கள். அடியிலிருந்த இரண்டு திருகுகளைக் கழற்றி இரும்புப் பாகத்தை மரக்கட்டையிலிருந்து தூக்கினாள். விசையைப் பிடித்திருந்த ஊசி ஆணியைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தள்ளினாள். புது விசையின் உடம்பு கொஞ்சம் பருமன். கட்டையின் பள்ளத்தில் உட்காரவில்லை. உளியால் மரத்தைச் சீவ வேண்டியிருந்தது. "பாத்து, பாத்து," என்று வெண்டல் ஒவ்வொரு சீவலுக்கும் சொன்னான். "நீயே செய்யேன்," என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். அது காதில் விழுந்தவன்போல அவனும் "பாத்து" சொல்வதை நிறுத்தினான்.

விசையின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. அவள் நடுவில் வைத்துக் கொடுத்தாள். அவன் இழுத்தான், வரவில்லை.

"இன்னும் லேசாக்கு."

ஆக்கினாள். வரவில்லை.

"இன்னும்."

"இதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு காகிதத்துல போட்டிருக்கு."

"அதுவரைக்கும் போயேன்."

போனாள். டக் என்றது. வெண்டல் சிரித்தான், மே மாதத்துக்குப் பிறகு அவள் பார்த்த முதல் சிரிப்பு. துப்பாக்கியை நாட்டி, அடிக்கட்டையை ரப்பர் சுத்தியலால் அவள் பத்துத் தடவை தட்டிப் பார்த்தாள். அந்த அதிர்ச்சியிலும் விசை தானாக விடுபடவில்லை. கருவியில் குற்றம் ஒன்றும் இல்லை.

பதினைந்தாம் தேதி காலை, தேவதாரு சதுப்பின் ஓரத்தில் இருந்த அவர்களுடைய பலகைக் குடிலில் இருவரும் உட்கார்ந்தார்கள். கணுக்கால் அளவுக்குப் பனி கிடந்தது. பத்து மணி வாக்கில் கொம்புள்ள ஆண் மான் ஒன்று வந்தது. வெண்டல் குழலை ஜன்னல் விளிம்பில் சாய்த்து, பாதுகாப்புப் பூட்டை விலக்கி, விரலை விசை வளையத்துக்குள் நுழைத்தான். குறி இன்னும் மானின் தோளுக்கு வந்து சேரவில்லை. அதற்குள் வெடித்துவிட்டது.

மான் முதுகு கூனித் துள்ளி, சதுப்புக்குள் ஓடியது.

"நான் இழுக்கல, லோர்னா. விரல வச்சேன். வச்சது எனக்கே தெரியல."

"பட்டுச்சா?"

"வயித்துல பட்டிருக்கும்." அவன் முகம் வெளுத்திருந்தது. "இப்பவே பின்னால போனா எழுந்து எழுந்து ஓடும். படுக்கட்டும்."

இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். பிளாஸ்கில் இருந்த காப்பியை யாரும் தொடவில்லை. பிறகு லோர்னா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்; அந்தச் சேற்றில் வெண்டலால் பத்தடிகூட நடக்க முடியாது.

பனியில் சிவப்புப் பொட்டுகள், பிறகு பச்சை கலந்த கறை, பிறகு ஒன்றுமில்லை. குளம்புத் தடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நடந்தாள். விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் அது படுத்திருந்தது, தலையை நிமிர்த்தியபடி. அவளைப் பார்த்து எழ முயன்றது. முன்னங்கால் மட்டும்தான் எழுந்தது. காகிதக் குறியைத் தவிர வேறெதையும் அவள் சுட்டதில்லை. "மன்னிச்சிரு," என்று வாய்விட்டுச் சொன்னாள். மானிடம்தான் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது. கழுத்துக்குக் குறிவைத்துச் சுட்டாள்.

திரும்பி வந்தபோது வெண்டல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"சத்தம் கேட்டுச்சு," என்றான்.

"ஆமா."

"உடனே போயிடுச்சா?"

"உடனே."

"விசை எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "எனக்கு ரொம்ப லேசா இருந்துச்சு, வெண்டல்."

அவன் தலையை ஆட்டினான். கண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினான், பாதியில் இறக்கிவிட்டான். அவள் தன் கையுறையால் துடைத்துவிட்டாள்.

மூன்று மணிக்குப் பக்கத்து நிலத்துக்காரன் ரஸ்ஸல் வந்து மானை இழுத்து வண்டியில் போட்டுக் கொடுத்தான். கொம்பின் கிளைகளை எண்ணிப் பார்த்து, "எட்டு! கையில தெம்பு இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச, திருட்டுப்பய!" என்று வெண்டலின் தோளில் தட்டினான்.

"நான் அடிக்கல. கெடுத்தேன். லோர்னாதான் முடிச்சா," என்றான் வெண்டல்.

ரஸ்ஸல் தட்டிய கையை எடுத்துக்கொண்டான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

மறுநாள் வெண்டல் வேட்டைக்குப் போகவில்லை. அதன்பின் ஒரு நாளும் போகவில்லை. அடுத்த வருஷம் நவம்பர் பதினைந்தன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. லோர்னா நாள் முழுக்க அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். தூரத்தில் காட்டிலிருந்து வெடிச்சத்தம் வரும்போதெல்லாம் அவன் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.