தேஞ்ச செருப்பே, அக்கா

என் தம்பி என்னைச் செருப்பு என்று பாடினான். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள்.

‘எனக்காகத் தேஞ்ச செருப்பே, அக்கா’ என்பது பாட்டின் முதல் வரி. அடுத்த வரியில் நான் மெழுகுவத்தி. அதற்கும் அடுத்த வரியில் ஏணி. மிதிக்கவும் கொளுத்தவும் ஏறிப் போகவும் தோதான சாமான்களாகத் தேடித் தேடி அடுக்கியிருந்தான். பாட்டு முழுக்கத் தேடினாலும் நான் மனுஷியாக ஒரு இடத்தில்கூட வரவில்லை.

பாட்டு கேட்கும் ஆப் ஒன்றை நடத்துகிற கம்பெனியில் எனக்கு வேலை. அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கும். நாட்டில் எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறதோ அது உச்சியில், மற்றவை கீழே. நாள் முழுக்க ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் கிடக்கும். அந்த வருடத் தொடக்கத்தில் உச்சியில் இருந்தது ஒரு குத்துப்பாட்டு. வார்த்தை என்று பார்த்தால் நாலுதான், மற்றதெல்லாம் விசில். அதைத் தள்ளிவிட்டு ஒரு காதல் தோல்விப் பாட்டு வந்தது. விட்டுப்போனவளை விடாமல் திட்டுகிற பாட்டு. காலேஜ் பையன்கள் அதை எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துப் பாடினார்கள். திட்டித் திட்டி வாய் வலித்ததும் எல்லாருக்கும் திடீரென்று பெண்கள்மேல் பாசம் பொங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் தம்பியின் பாட்டு வந்து விழுந்தது. வந்த வேகத்தில் முதலிடம்.

பக்கத்து சீட்டுக்காரி காதில் மாட்டிக் கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள். “கொடுத்து வச்சவடி அந்த அக்கா.”

“ஏன், செருப்புன்னு சொன்னதுக்கா?”

“உனக்கு மனசே கெடையாதுடி. கல்லு.”

அந்த அக்கா நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

பாட்டு கேட்பது என் வேலையும் இல்லை. கேட்டவர்கள் நிஜமாகவே கேட்டார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒரு பாட்டை மேலே ஏற்றுவதற்காக அறை நிறைய ஃபோன்களை அடுக்கி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடும் கும்பல்கள் உண்டு. அந்தக் கள்ளக் கணக்கைக் கண்டுபிடித்து வெட்ட வேண்டும். எங்கள் டீம் லீடர் இதில் கைதேர்ந்தவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. அது அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் பெருமைதான்.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. அப்பா பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறார். அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை அலசிப் பிழிகிறாள். தம்பிக்குக் குரல் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எவனோ சொல்லித் தொலைத்ததிலிருந்து அவன் ஒரு வேலைக்கும் போனதில்லை. உள் அறையை அவனுக்கு ரெக்கார்டிங் அறை ஆக்கினார்கள். எதிரொலி வராமலிருக்கச் சுவரில் மெத்தை அடிக்க வேண்டுமாம். வீட்டில் இருந்தது ஒரே மெத்தை. நான் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்து வாங்கியது. அதைத் தூக்கி நிறுத்தி நாலு மூலையிலும் ஆணி அறைந்தான். நான் பாய்க்கு இறங்கினேன்.

என் கடைசி வருடப் பரீட்சை சமயத்தில் அவன் உள்ளே பாடிக்கொண்டிருப்பான். அப்போது வெளியே ஃபேன் ஓடக் கூடாது, நான் பக்கம் புரட்டக் கூடாது. வியர்வை புத்தகத்தில் சொட்டச் சொட்ட ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“கொஞ்ச நேரம் பொறுத்துக்கோடி. அவன் முன்னுக்கு வரட்டும்” என்பாள் அம்மா.

வந்தான். பாட்டு முதலிடத்தில் இருந்தபோது வீடியோ எடுக்க ஒரு யூனிட்டே வீட்டுக்கு வந்தது. அக்காவின் கால் வேண்டும் என்றார் டைரக்டர். முகம் வேண்டாமாம். கால் மட்டும், பக்கத்தில் ஒரு தேய்ந்த செருப்பு. நான் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றேன். அவர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இது உழைச்ச கால் மாதிரி தெரியலையேம்மா.”

“படிச்ச கால் இப்படித்தான் சார் இருக்கும்.”

லைட் பிடித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். தம்பி பல்லைக் கடித்தான். “அக்கா, ப்ளீஸ், நீ வாயத் தொறக்காத. சார், பவுடர் கிவுடர் போட்டு வெடிப்பு மாதிரிக் காட்டிரலாமா?”

அதற்குள் அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து தன் காலை நீட்டினாள். “இது ஆகுமான்னு பாருங்க சார்.”

நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் பாளம் பாளமாக வெடித்த கால். டைரக்டருக்கு முகமெல்லாம் பல். “ஃபர்ஸ்ட் கிளாஸ்ம்மா! இத்தன நாளா இத எங்க வச்சிருந்தீங்க?”

“வீட்லதான் சார் கெடந்துச்சு” என்றாள் அம்மா, வெட்கத்தோடு.

ஆக, நாடே பார்த்து உருகிய அக்காவின் கால் அம்மாவுடையது. எதிர்வீட்டுக்காரியைப் பிடித்து உட்காரவைத்து, அந்த இடம் வந்ததும் வீடியோவை நிறுத்திக் காட்டுவாள். “என் காலுதான். கட்டை வெரல் நகத்தப் பாரு, தெரியும்.”

இசை வெளியிடுகிற கம்பெனிக்காரர்கள் தம்பிக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வருடக் கடைசியில் எங்கள் ஆப் வெளியிடும் பட்டியலில் முதல் பத்துக்குள் அவன் பாட்டு இருக்க வேண்டும். இருந்தால் அவன் இனிமேல் பாடுவதையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அவன் யாரோ, அவர்கள் யாரோ. அப்பாவோடு டிப்போவுக்குப் போய் பஸ் கழுவ வேண்டியதுதான்.

வருடம் முடியப் போகிற நேரத்தில் பாட்டு சரிய ஆரம்பித்தது. குழந்தைகளுக்காக எவனோ போட்ட வாத்துக் குஞ்சுப் பாட்டு ஒன்று முதலிடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

“கடைசில ஒரு வாத்து வந்து மிதிச்சிருச்சேடா உன்ன” என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் நங்கென்று வைத்தாள். “நீ அங்கதானடி உக்காந்திருக்க? கூடப் பொறந்தவனுக்கு ஒரு கை குடுத்தா கொறஞ்சா போயிருவ?”

“நான் ஏத்துற எடத்துல இல்லம்மா. எறக்குற எடத்துல இருக்கேன்.”

“ஆமா, எறக்கி விடுறதுக்குத்தான உன்னப் படிக்க வச்சோம்.”

“அவகிட்ட என்னத்தக் கேட்டுக்கிட்டு” என்று என்னைப் பார்த்துத் தம்பி சொன்னான். கோபம் வந்தால் நான் அவனுக்கு அக்கா இல்லை, ‘அவ’தான். “ஆபீஸ் போற திமிரு. நாமளே பாத்துப்போம்மா.”

பார்த்துக்கொண்டார்கள். சித்தி வீட்டிலிருந்து, மாமா வீட்டிலிருந்து, சலவைக் கூடத்துத் தோழிகளிடமிருந்து கண்ணாடி உடைந்த ஃபோன், பட்டன் போன ஃபோன் என்று கிடைத்ததையெல்லாம் அம்மா பையில் போட்டுக் கொண்டுவந்தாள். மொத்தம் பதினெட்டு. தம்பி எல்லாவற்றிலும் ஆப்பைப் போட்டான். துணி தேய்க்கும் மேசையில் வரிசையாகப் படுக்கவைத்து எல்லாவற்றிலும் செருப்புப் பாட்டை ஓடவிட்டார்கள். ஓடி ஓடி அவை கொதித்தன. வீட்டில் இருந்த ஒரே மேசை ஃபேனை அம்மா அவற்றின் பக்கம் திருப்பி வைத்தாள்.

பதினெட்டுத் தம்பிகள் ஒரே நேரத்தில் ‘அக்கா’ என்று கத்தினால் எப்படி இருக்கும்? அம்மா காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“தல வெடிக்குதுடி. சத்தத்த நிறுத்தி வச்சாலும் கணக்கு ஏறும்ல?”

ஏறும். ஏறுகிற வேகத்தில் எங்கள் திரையில் சிவப்பாக எரியவும் செய்யும். ஒரே வீடு, ஒரே பாட்டு, ஓயாத ஓட்டம், துளிக்கூடச் சத்தம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கத்திரி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. காதால் கேட்கிறவன் எவனும் சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டுக் கேட்பதில்லை.

அம்மா பதிலுக்காக நின்றாள். அவளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாக, சுவரில் அறைந்த என் மெத்தை தெரிந்தது.

“ம்” என்றேன்.

அடுத்த வாரம் அது என் திரைக்கே வந்தது. கத்திரி டீக் கோப்பையோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

“அடேயப்பா, பதினெட்டா? ஒண்ணுகூட மூச்சு வாங்கல பாரு. வாடகைக் கும்பலா?”

“வீடு சார்.”

“அப்ப ஏதோ ஒரு அம்மாதான். கும்பலாவது நடுவுல ஆஃப் பண்ணிட்டுத் தூங்குவான். அம்மாங்க தூங்க மாட்டாங்க.” டீயை உறிஞ்சினார். “பாடுனவங்க வீடா இருக்குமோ? தெரியலைன்னா ‘இல்ல’ன்னு போடு.”

திரையில் அந்தக் கேள்விதான் நின்றுகொண்டிருந்தது: பாடியவருக்கோ அவர் குடும்பத்துக்கோ தொடர்பு உண்டா? ‘இல்லை’ என்றால் அந்தப் பதினெட்டு ஃபோன்களின் கணக்கு மட்டும் வெட்டுப்படும். ‘உண்டு’ என்றால் பாட்டே பட்டியலிலிருந்து போய்விடும். அப்புறம் நாடே உட்கார்ந்து கேட்டாலும் அதற்குக் கணக்கு ஏறாது. ஏன் என்று யாருக்கும் சொல்லவும் மாட்டோம். சொன்னால் கும்பல்கள் கற்றுக்கொள்ளும்.

“உண்டு சார்” என்றேன்.

“எப்படித் தெரியும்?”

“என் வீடு.”

அவர் டீயை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார், பாட்டின் பெயரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“அப்ப அந்த அக்கா...”

“செருப்பு நான்தான் சார்.”

பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இங்க பாரும்மா. இந்தப் பதினெட்டையும் தள்ளிட்டுப் பாத்தாலும் பாட்டு எட்டாவது எடத்துல நிக்குது. ஜனங்க நெஜமாவே கேட்டிருக்காங்க. நீ ‘இல்ல’ன்னு போட்டா உன் தம்பி பொழச்சுக்குவான். எனக்கும் தங்கச்சிங்க இருக்காங்க. நான் எதையும் பாக்கல, டீ குடிக்கப் போயிருந்தேன். சரியா?”

அவர் சொன்னது உண்மை. எட்டாவது இடம். எந்தத் திருட்டும் இல்லாமல், யார் தயவும் இல்லாமல், அவன் பத்துக்குள் இருந்தான். அம்மா ஃபோன்களைத் தொடாமலே இருந்திருந்தால்கூடப் போதும்.

‘உண்டு’ என்பதை அழுத்தினேன்.

கத்திரி கேட்டார். “நேர்மையா, வன்மமா?”

“ரெண்டுக்கும் ஒரே பட்டன்தான் சார்.”

அவர் டீயை எடுக்க மறந்து போய்விட்டார். அன்றிலிருந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதில்லை.

பட்டியல் வெளியானது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாத்துக் குஞ்சுதான் அந்த வருடத்தின் முதல் பாட்டு. தம்பி பத்து வரை பார்த்தான். ஐம்பது வரை தள்ளினான். நூறு வரை தள்ளினான். பிறகு முதலிலிருந்து மறுபடி பார்த்தான். இசைக் கம்பெனிக்காரருக்கு ஃபோன் போட்டான், எடுக்கவில்லை. மறுபடி போட்டான், இந்த முறை அணைத்தே வைத்துவிட்டார். உள்ளே போய்ச் சுவரில் மடார் மடாரென்று தலையை முட்டிக்கொண்டான். மெத்தை இருந்ததால் சத்தம்கூட வரவில்லை.

“எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் பண்ணுன வேல” என்று அம்மா அழுதாள். “நல்லாவே இருக்க மாட்டான். அவன் கை வெளங்காமப் போக.”

என் கையைப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

தம்பி வெளியே வந்தான். மூக்கு ஒழுக, கண் வீங்கி, சின்ன வயதில் பென்சில் தொலைத்துவிட்டு வந்து நிற்பானே, அப்படி நின்றான். “அக்கா, உன் ஆபீஸ்ல கேட்டுச் சொல்லேன். என்ன தப்பாச்சுன்னு மட்டும்.”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

அம்மா, அப்பா, தம்பி மூவரும் என் வாயையே பார்த்தார்கள். என் ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட அவர்கள் இப்படிப் பார்த்ததில்லை.

“ஃபோன் பத்தலையாம்” என்றேன்.

நம்பினார்கள்.

தம்பி டிப்போவுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். டயர் கழுவுகிறான். கூட வேலை செய்கிறவர்கள் அவனைச் ‘செருப்பு’ என்று கூப்பிடுகிறார்களாம். அப்பா வந்து சொன்னார். அந்த வார்த்தைக்கு இப்போதுதான் சரியான ஆள் கிடைத்தான். அவன் போன முதல் நாளே சுத்தியலை எடுத்து ஆணிகளைப் பிடுங்கி மெத்தையைக் கீழே இறக்கினேன். நாலு மூலையிலும் ஓட்டை. தட்டத் தட்டத் தூசி வந்தது. போட்டுப் படுத்தேன். சுகமாகத்தான் இருந்தது.

அம்மா மட்டும் விடவில்லை. மேசை பத்தாமல் ஜன்னல் திட்டிலும் ஃபோன்கள் ஏறிவிட்டன. எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணிப் பிரயோசனமும் இல்லை, எதற்கும் கணக்கு கிடையாது. வேலை முடிந்து வந்ததும் ஈரத் துண்டைப் பிழிந்து ஒவ்வொன்றாக முதுகு துடைக்கிறாள், ஜுரம் வந்த குழந்தைகளுக்குத் துடைக்கிற மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மெத்தையில் கிடந்தபோது ஒரு ஃபோனைக் காதருகே பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். அந்தப் பிரபலமான கால். அந்த ஃபோனில் மட்டும் சன்னமாகச் சத்தம் வந்தது.

“இது ஒண்ண மட்டும் நான் நிறுத்தல” என்றாள். “உன்னப் பத்தி வர்ற எடத்தக் கேட்டுட்டுத்தான் தெனம் வேலைக்குப் போவேன். பேசத் தெரியாதவங்கடி நாங்க. நாங்க சொல்லாதத அவனாவது பாட்டாப் பாடி வச்சிருக்கான்.”

‘தேஞ்ச செருப்பே’ என்று தம்பி குழைந்துகொண்டிருந்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்த வருஷம் பத்துக்குள்ள வந்துரும்லடி?”

அவள் குதிகால் வெடிப்பில் சோப்புத் தூள் வெள்ளையாக உறைந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ம்” என்றேன்.

அம்மா எழுந்து போய், என் பக்கம் லேசாகத் திரும்பியிருந்த ஃபேனை மறுபடி ஃபோன்கள் பக்கம் திருப்பினாள்.