வாய் நிறையத் தண்ணீர்

கோப்பாயில் வேலிகளுக்கு நடுவே போகிற அந்த ஒழுங்கையில் குடியிருந்தவர்களிடம் மணிக்கூடு இல்லாமல் இல்லை. ஆனால் விடிந்துவிட்டதா என்று அறிய ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. மீனாம்பிகை இருந்தாள். பஞ்சலிங்கத்தாரின் மனைவி, எட்டுப் பிள்ளைகளின் தாய். அவள் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுத் தொண்டையைத் திறந்தாளென்றால் ஒழுங்கையின் இரண்டு தொங்கலிலும் பாயைச் சுருட்டுவார்கள்.

மூத்தவள் இராசமலரில் தொடங்கிக் கடைக்குட்டி குகன் வரையில் எட்டுப் பெயரும் ஒரே மூச்சில் வரும். வெறும் பெயராக வந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் இருந்தது. "கெங்கா, எருமை! வதனா, மூதேசி! யோகன், உன்னைப் பாம்பு கொத்த, எழும்படா!" சாந்திக்கும் பவானிக்கும் சேர்த்து ஒரு வால். செல்வனுக்கு நாளுக்கொன்று. மலருக்கு மட்டும் வால் கிடையாது. தாய் கூப்பிட முன்பே அவள் எழும்பி அடுப்பை மூட்டிவிடுவாள். பஞ்சலிங்கத்தாருக்கும் கிடையாது. அவருக்கு "இஞ்சாருங்கோ" என்ற ஒரு சொல் போதும். அவள் சொல்கிற மாதிரியில் எல்லா வாலும் அதற்குள்ளே சுருண்டு கிடக்கும்.

தான் சத்தம் போடுகிறவள் என்று மீனாம்பிகைக்குத் தெரியாது. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சோறு கேட்கவும் ஒரு குரல் வேண்டும், இல்லை என்று சொல்லவும் ஒரு குரல் வேண்டும். அதைத்தான் தான் பாவிப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

அந்த நினைப்பு கொடிகாமத்துச் சம்பந்தத்தோடு போயிற்று.

மலருக்கு வந்த நல்ல இடம் அது. சாதகம் பொருந்தி, நாளும் பார்க்கிற கட்டத்தில் அவர்கள் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வளவுக்கும் இந்த வளவுக்கும் நடுவில் இருந்தது கிடுகு வேலி. அதில் ஆள் எட்டிப் பார்க்குமளவுக்கு ஓட்டையாக ஒரு பொட்டு. வருடா வருடம் புதுக் கிடுகு வைத்து அடைப்பார்கள். ஒரு கிழமைக்குள் பொட்டு பழையபடி திறந்துவிடும், எப்படியென்று கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து அந்தப் பொட்டடியில் நின்று, முன்வீட்டுப் பாலேஸ்வரியிடம் கதைத்துக்கொண்டிருந்தது மீனாம்பிகையின் காதில் விழுந்தது.

"பிள்ளையிலை ஒரு குறை இல்லையாம். தங்கமாம். தாய்க்காரியின்ரை வாயாலைதான் விட்டவையாம்."

"ஆர் போய்ச் சொன்னது?"

"சொல்ல வேணுமே? விசாரிக்க வந்த மனிசன் சந்தியிலை சைக்கிளாலை இறங்கேக்கையே கேட்டிட்டுதாம்!"

பாலேஸ்வரி சிரித்தாள். சிவக்கொழுந்தும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் பொறுத்து, "பாவமடி மலர்" என்றாள். அந்தப் 'பாவம்'தான் மீனாம்பிகையைக் கிணற்றுக்கட்டில் இருத்தியது. தன்னைப் பற்றிச் சொன்னது பொய் என்றால் வேலியைப் பிரித்துக்கொண்டு போய் நாலு கேட்டிருப்பாள். பொய்யில்லையே.

அன்றே பிள்ளையாரிடம் நேர்ந்தாள், இனிக் கத்துவதில்லையென்று. நேர்த்தி, பால் பொங்கி வழிந்து அடுப்பு நூரும் வரையில் நின்றது. பிறகு சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள், கோபம் வந்தால் முடிச்சைத் தொடலாமென்று. தொட்டாள். தொட்டுக்கொண்டே கத்தினாள்.

வழி காட்டியது ஆடு. ஒருநாள் பல்லுக் கொதிக்கிறதென்று வாய் நிறைய உப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றபோது, மூத்த மகன் கெங்கா அவிழ்த்துவிட்ட ஆடு புகையிலை நாற்று மேடைக்குள் காலை வைத்தது. மீனாம்பிகைக்கு எருமையும் வந்தது, அதற்கு மேலானதும் வந்தது. ஆனால் வாயில் தண்ணீர். துப்பலாம், துப்பினால் பல்லு. அவள் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள், கெங்கா தானே கண்டு, தானே ஓடி, தானே ஆட்டைக் கட்டிப்போட்டான். கட்டிவிட்டு, ஏன் ஏச்சு இன்னும் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தான்.

அன்றிலிருந்து கிணற்றுக்கட்டில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. கோபம் ஏறுகிறது என்று தெரிந்ததும் ஒரு மிடறு எடுத்து வாயில் வைப்பாள். இறங்கியதும் விழுங்குவாள். கோபம் அடிக்கடி வந்தபடியால் அந்த நாட்களில் அவளைப் பெரும்பாலும் கன்னம் உப்பியபடியேதான் கண்டார்கள்.

ஒழுங்கை சும்மா இருக்குமா? கன்னம் வீங்குகிற கூவைக்கட்டு நோய் என்று முடிவு கட்டியது. பாலேஸ்வரி மருந்துப் பத்து அரைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கன்னத்திலை பூசுங்கோ. பிள்ளையளைக் கிட்ட எடுக்காதேங்கோ, தொத்தும்." மீனாம்பிகை தலையாட்டி வாங்கி வைத்தாள். நாலாவது வீட்டு மார்க்கண்டர் மூன்று நாள் தொடர்ந்து விடிந்தது தெரியாமல் நித்திரையாகிப் போய், "என்ன, உந்த வீட்டிலை ஆரும் செத்துக்கித்துப் போச்சினமோ?" என்று ஒழுங்கை முழுக்க விசாரித்துக்கொண்டு திரிந்தார்.

வாய் மூடியதும் மீனாம்பிகைக்குக் காது திறந்தது. வதனா முற்றம் கூட்டும்போது பாடுவாள் என்று பெற்ற தாய்க்கு அதுவரை தெரியாது, நல்ல குரல். பவானி கோழிக்குஞ்சுகளுக்குப் பெயர் வைத்திருந்தாள். செல்வன் ஆட்டை ஏசும்போது கேட்டது தன் குரலேதான், வால் உட்பட. அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. எல்லாவற்றையும்விடப் புதினம் பஞ்சலிங்கத்தார். ஒரு பின்னேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று கதைக்கத் தொடங்கினார். வெங்காயம், மழை, தன் தகப்பன், கலியாணத்தன்று தனக்கு வந்த காய்ச்சல் என்று அவர் கதைத்து முடிய விளக்கு எண்ணெய் வற்றிவிட்டது. சண்டையால் மண்ணெண்ணெய் மருந்துபோல் கிடைத்த காலம் அது. ஆனாலும் அவள் விளக்கைக் குறைக்கவில்லை. கலியாணம் முடித்த நாள் தொட்டு மனிதர் ஓர் இடைவெளிக்காகக் காத்திருந்திருக்கிறார்.

'இவ்வளவும் என்ரை வீட்டுக்குள்ளைதான் கிடந்ததோ, பிள்ளையாரே' என்று அவள் அன்றிரவு நன்றியோடு நினைத்துக்கொண்டாள். வாயால் சொல்லவில்லை. பழக்கம் வந்துவிட்டது.

மானிப்பாய்ச் சம்பந்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. மாப்பிள்ளை தில்லைநாதன், கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. தாய் இரத்தினம்மா. பெண் வீட்டுக்கு நேரே வராமல் அயலுக்கு வந்து விசாரிப்பதுதான் முறை என்றபடியால், வாழைக்குட்டி வாங்குகிறேன் என்று ஒருநாள் காலமை சிவக்கொழுந்து வீட்டுக்கு வந்தார். வருகிறார் என்று முதல்நாளே பொட்டு வழியாகச் செய்தி வந்துவிட்டது. அதுவும் முறைதான்.

"நாளைக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிரு, மீனாம்பிகை," என்றாள் சிவக்கொழுந்து. "மிச்சத்தை நான் பாக்கிறன்."

மீனாம்பிகை பொத்தினாள். ஆள் வந்த அரவம் கேட்டதுமே வாய் நிறைய எடுத்தாள். பொட்டுக்கு அங்காலே ஒரு நீலச் சேலை தெரிந்தது. அவள் முற்றத்தைக் கூட்டினாள், நெல்லைப் புடைத்தாள். குகன் காயப்போட்ட மிளகாய்க்குள்ளால் ஓடினான். அவள் கையைக் காட்டினாள். யோகன் கிணற்றுத் துலாவில் தொங்கினான், கையைக் காட்டினாள். சாந்தி, "அம்மா, சீப்பு எங்கை?" என்று மூன்றுதரம் கேட்டாள், கையைக் காட்டினாள். இப்படி அடக்கமான தாய் தென்மராட்சி வலிகாமம் எங்கும் கிடையாது என்று அவளுக்கே தோன்றியது.

அங்காலே குரல் தணிந்தது. ஆனால் அவளுக்குத்தான் இப்போது காது திறந்திருக்கிறதே.

"தாய்க்காரி உவதானோ?"

"ஓம், ஓம். சரியான அமைதி."

"நான் வந்து இவ்வளவு நேரம். ஒரு சொல்லுக் கேக்கேல்லை. பிள்ளை மூண்டுதரம் கேக்குது, கையைக் கையைக் காட்டுறா." இரத்தினம்மாவின் குரல் இன்னும் தணிந்தது. "இஞ்சை பாருங்கோ, மறைக்காமல் சொல்லுங்கோ. ஊமையோ?"

சிவக்கொழுந்து குனிந்து வாழைக்குட்டியின் மண்ணைத் தட்டத் தொடங்கினாள்.

"பிள்ளை நல்ல பிள்ளையாத்தான் தெரியுது," என்றார் இரத்தினம்மா. "எண்டாலும், நாளைக்குப் பேரப்பிள்ளையள் எண்டு வரேக்கை... யோசிக்கத்தானே வேணும்."

மீனாம்பிகையின் கையில் சுளகு நின்றுவிட்டது. ஒரு சம்பந்தம் அவள் வாய் திறந்ததால் போயிற்று. மற்றது அவள் வாய் மூடியதால் போகப் போகிறது. அடுப்படி வாசலில் மலர் நின்றாள். அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் உள்ளே திரும்பிப் போனதைப் பார்த்த தாய்க்கு, வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்போது தெற்கே அந்த இரைச்சல் கேட்டது.

தொண்ணூற்றிரண்டில், குண்டு போட வருகிற விமானத்தின் அந்த இரைச்சலை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தண்ணீர் முழுவதும் செவ்வந்திக் கன்றின் மேல் போயிற்று.

"மலர்! கெங்கா! வதனா! யோகன்! சாந்தி! பவானி! செல்வன்! குகன்! பொம்பர்! பங்கருக்குள்ளை ஓடுங்கோ!"

எருமையும் மூதேசியும் இல்லாமல் வெறும் பெயர்களாக அவை வந்தன. பிள்ளைகள் ஒரு கணம் திகைத்துப் போனார்கள், பிறகு ஓடினார்கள். ஒழுங்கை முழுவதும் படலைகள் திறந்தன. மார்க்கண்டர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். இத்தனை நாளாகப் பொம்பர் வரும்போது ஊர் யாருடைய குரலைக் கேட்டு ஓடியது என்பது அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது.

சிவக்கொழுந்து வீட்டில் நிலத்தைக் கிண்டி வெட்டியிருந்த பங்கர் போன மாரிக்கு இடிந்து விழுந்திருந்தது. இரத்தினம்மா முற்றத்தின் நடுவில், வாழைக்குட்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்.

"மானிப்பாயக்கா! பாத்துக்கொண்டு நிக்காமல் வேலியைப் பிரிச்சுக்கொண்டு வாங்கோ! கொழுந்தக்கா, தள்ளிவிடுங்கோ!"

பொட்டு படலையாயிற்று.

பங்கர் வாசலில் மீனாம்பிகை ஒவ்வொரு தலையாகத் தொட்டு இறக்கினாள். பவானி இல்லை. தோட்டத்துக்குத் தகப்பனுக்குத் தேத்தண்ணி கொண்டு போனவள். மீனாம்பிகை கிணற்றுக்கட்டில் ஏறினாள்.

"பவானீ! அம்மா இஞ்சை நிக்கிறன்! ஓடி வா, ராசாத்தி!"

இரைச்சல் பெருத்தது. இன்னொருதரம் கூப்பிட்டாள். அப்படி ஒரு கூப்பாட்டை அந்த ஒழுங்கை முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வாழைகளுக்குள்ளிருந்து பவானியின் சட்டை தெரிந்தது. பின்னால் பஞ்சலிங்கத்தார், தேத்தண்ணிப் போத்தலை விடாமல்.

எல்லாரும் உள்ளே இறங்கியபின் இரண்டுதரம் நிலம் குலுங்கியது. எங்கோ தள்ளி. மேலே பனங்குற்றிகளுக்கிடையால் செம்மண் உதிர்ந்தது. மீனாம்பிகை இருட்டுக்குள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் "ஓமம்மா" வந்தது. எட்டாவது 'ஓமம்மா' கேட்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

வெகுநேரம் கழித்து இரத்தினம்மாவின் குரல்: "நான் மானிப்பாய் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சிவக்கொழுந்து பனங்குற்றிகளைக் கவனமாகப் பார்த்தாள்.

மீனாம்பிகைக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. "எல்லாம் தெரியும், அக்கா. நான் ஊமையில்லை. எனக்கு வாய் கூட. அதாலைதான் போன சம்பந்தம் குழம்பினது. இதுவும் குழம்பக்கூடாதெண்டு வாய்க்குள்ளை தண்ணியை வைச்சுக்கொண்டு நிண்டனான்."

"தண்ணியோ?"

"கூவைக்கட்டு இல்லையோ?" என்றது இன்னொரு குரல். தன் வீட்டுப் பங்கரை விட்டுவிட்டுப் பாலேஸ்வரி எப்போது இதற்குள் வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. புதினம் எங்கேயோ அவள் அங்கே.

யோகன் முதலில் சிரித்தான். பிறகு வதனா. பஞ்சலிங்கத்தாரும் சிரித்தார். இரத்தினம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு நாலு பெடியள்," என்றார். "நான் கூப்பிட்டா முத்தத்துக்கே கேளாது. போன மாசம் உது வரேக்கை நடுவிலான் பனங்காணிக்குள்ளை நிண்டவன். கூப்பிட்டன், கூப்பிட்டன். அவனுக்குக் கேக்கேல்லை. கடவுளேயெண்டு தப்பினான். ஆனால் நான் கூப்பிட்டது அவனுக்குக் கேக்கேல்லை, பிள்ளை. அதை நினைச்சு இண்டைக்கும் எனக்கு நித்திரை இல்லை."

மீனாம்பிகை இருட்டில் கையை நீட்டி, அகப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். அது இரத்தினம்மாவின் கைதான்.

வெளியே வந்ததும் மலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சீனி ஏது அந்தக் காலத்தில்? பனங்கட்டிக் கடியோடு இரத்தினம்மா குடித்தார், மலரை மேலும் கீழும் பார்த்தார். அவரை ஏற்றிவந்து சந்தியில் நின்ற தம்பி சைக்கிளைக் கொண்டுவந்து படலையில் நிறுத்தினார். இரத்தினம்மா கரியரில் ஏறப் போனவர், திரும்பினார்.

"பிள்ளைக்கு உங்கடை குரலோ?"

மீனாம்பிகை படலையை எட்டிப் பிடித்தாள். "இல்லையக்கா, சத்தியமா இல்லை. அவள் கதைக்கிறது பக்கத்திலை நிக்கிற ஆளுக்கே கேளாது."

"அது சரிவராது," என்றார் இரத்தினம்மா. "கலியாணத்துக்கு முன்னம் உந்தக் கூப்பிடுகையைக் கொஞ்சம் பழக்கிவிடுங்கோ. எங்கடை வீட்டிலை ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்க வேணும்."

சைக்கிள் ஒழுங்கையால் திரும்பி மறைந்தது. மலர் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். உள்ளே தங்கச்சிமாரின் சிரிப்புக் கேட்டது. மீனாம்பிகை படலையைப் பிடித்தபடி நின்றாள். போன மனிசிக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். பிள்ளையாருக்காவது சொல்லலாம். இரண்டு கன்னத்திலும் கண்ணீர் ஓடியதே தவிர, வாயில் ஒன்றும் வரவில்லை.

பிரிந்து கிடந்த வேலிக்குள்ளால் சிவக்கொழுந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, இன்னும் வாய்க்குள்ளை தண்ணியோ?"

மீனாம்பிகை இல்லை என்று தலையாட்டினாள்.