இரண்டு நட்டு

"இன்னொரு பிரி குடுங்க," என்றான் மருதுபாண்டி.

பாடையில் கிடந்த அக்கா புருஷன் கூத்தையாவின் மேல் ஏற்கெனவே மூன்று வைக்கோல் பிரிகள் இறுகியிருந்தன.

"போதும்டா மாப்ள. எந்திரிச்சா ஓடப் போறான்?" என்றார் கூத்தையாவின் பங்காளி வீரையா. யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள்.

மருதுபாண்டி நான்காவதையும் சுற்றி, முழங்காலை ஊன்றி இழுத்து முடிச்சுப் போட்டான்.

கொழும்பிலிருந்து வந்த டகோட்டா விமானம் திருச்சியில் ஓடுபாதையைத் தாண்டி, வயல் வரப்பில் முட்டி நின்றது. மற்றவர்கள் சிராய்ப்போடு இறங்கி நடந்தார்கள். கூத்தையா மட்டும் கடைசிச் சீட்டோடு பிய்த்துக்கொண்டு போய் முன்னாலிருந்த சீட்டின் இரும்பில் மோதினார். இடுப்புப் பெல்ட் அவிழவே இல்லை.

அந்த விமான நிலையத்தில்தான் மருதுபாண்டிக்கு வேலை. விபத்துக்கு முந்தின நாள், வெற்றிலைக் கட்டு ஏற்றிப் போய்த் திரும்பிய அதே விமானத்தில், சரக்குக்காகக் கழற்றிய சீட்டுகளை அவன்தான் மறுபடி தரையில் பூட்டினான். கடைசிச் சீட்டின் பின்கால்களுக்கு நட்டு கிடைக்கவில்லை. ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை. அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

"கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு ஏன் வாரீக மச்சான்? ஏரோப்ளேன்ல வாங்க, நான் பூட்டுன சீட்டு" என்று சொல்லி அனுப்பியதும் அவன்தான்.

அக்கா பூமயில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அழுது குரல் கம்மியிருந்தது.

"ஏலே மருது, எல்லாரும் பொழச்சுட்டாகளாமே. இவுக சீட்டு மட்டும் எப்பிடிடா கழண்டுச்சு?"

அவன் பிரியின் நுனியை உள்ளே செருகினான். வெளியே வந்தது. மறுபடி செருகினான்.

"ஒனக்குத் தெரியும்லடா. ஒனக்கு அதான வேல."

சங்கு ஊதினார்கள். "தூக்குங்கப்பா, வெயில் ஏறுது," என்றார் வீரையா. மருதுபாண்டி முன்கம்புக்குத் தோள் கொடுத்தான். அவன் இடுப்புத் துண்டை அக்கா பிடித்திருந்தாள். பெண்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

சுடுகாட்டில் சிதையில் வைக்குமுன் கட்டுகளை அவிழ்க்க வேண்டும். நாவிதர் இருளாண்டி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத எவன்ப்பா கட்டுனது? அருவாளக் கொண்டாங்க."

"வெட்ட வேணாம்," என்றான் மருதுபாண்டி.

மண்டியிட்டு முடிச்சில் நகத்தை வைத்தான். நகம் மடங்கியது. பல்லால் கவ்வினான். கன்னம் கூத்தையாவின் நெஞ்சில் பட்டது. கோடித்துணியில் கஞ்சி வாசனை. பின்னால் எல்லோரும் காத்து நின்றார்கள்.

"மாப்ள, விடுறா," என்றார் வீரையா.

வைக்கோல் ஈரமாயிற்று. முடிச்சு அசையவில்லை.