கிழக்குப் பள்ளத்து ஸ்பீக்கர்

ஏரியூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் பகல் பதினொரு மணிக்கு வெடி வைத்தார்கள். அதற்கு முன் அபாயச் சங்கு இரண்டு ஸ்பீக்கர்களில் அலறியது. கிழக்குப் பள்ளத்தில் இருந்த மூன்றாவது வாயே திறக்கவில்லை. அங்கே கம்ப்ரசர் இரைச்சலில் துளை போட்டுக்கொண்டிருந்த மாரப்பனுக்கு எதுவும் கேட்கவில்லை. வெடியில் சரிந்த பாறை அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது.

அண்ணன் மாரப்பனைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றிவிட்ட கையோடு பூவரசன் துளைக்கம்பியுடன் ஆபீஸுக்குள் புகுந்தான். குவாரியின் நெட்வொர்க் வேலையெல்லாம் பார்க்கும் அனீஸ் அங்கே இருந்தான். கம்பியின் முதல் அடி அனீஸின் தோளில் இறங்கியது. இரண்டாவதைத் தடுத்த இடது மணிக்கட்டு மளுக்கென்று முறிந்தது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான் பூவரசன்.

"கிழக்கு ஸ்பீக்கர் ஏன்டா கத்தல?"

எலி வயரைக் கடித்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அனீஸுக்கு அந்தப் பொய் நாக்கு வரை வந்தது.

"போன மாசமே தெரியுங்க. நாந்தான் உட்டுட்டேன்."

தரையில் கிடந்தபடியே சொன்னான். ஒரே சங்கொலியை மூன்று ஸ்பீக்கருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற பெட்டிதான் பிரித்து அனுப்புகிறது. 'எனக்கும் வேண்டும்' என்று அவ்வப்போது பதில் தராத ஸ்பீக்கருக்கு அது அனுப்புவதை நிறுத்திவிடும். கிழக்கில் இருப்பது பழசு, பதில் தராது. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்று அப்படியே ஓட்டியிருந்தான். அதன் வயர் செருகியிருக்கும் போர்ட்டை, சங்கொலி போகவேண்டிய மல்டிகாஸ்ட் குழுவில் நிரந்தரமாகச் சேர்க்கப் பத்து நிமிடம் போதும்.

அடுத்த அடி முகத்தில் விழுந்தது. இரண்டு பற்கள் போயின.

"அந்தப் பத்து நிமிசத்த இப்பச் செய்."

வலது கையால் மட்டும் தட்டினான் அனீஸ். ரத்தம் கீபோர்டில் சொட்டியது. கிழக்கு ஸ்பீக்கரின் ஐந்தாம் போர்ட்டைக் குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துச் சேமித்தான். ஸ்விட்ச் மறுபடி கைவிடுகிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள், ஒருவன் நாற்காலியில், ஒருவன் கம்பியோடு. பிறகு அனீஸ் சங்கு பொத்தானை அழுத்தினான். கிழக்குப் பள்ளம் அலறியது. பூவரசன் கம்பியைச் சுவரில் வீசியடித்துவிட்டு வெளியே போனான்.

மாரப்பனின் காலை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். மறுநாள் போலீஸ் வந்தபோது தன்னை அடித்தவன் பெயரை அனீஸ் சொன்னான். ஏன் அடித்தான் என்பதையும், தன் தவறை மறைக்காமல், எழுதிக் கையெழுத்துப் போட்டான். வழக்கு இருவர் மேலும் பதிவானது.